வெள்ளித்திரைக்கு வித்திட்டவர்

மூன்றாம் ஆண்டு, வரலாற்றுத் துறை

குடவாசலில் எங்கள் தெருவார் சுடுகாட்டுக்குச் செல்லும் வழியில், ஆற்றங்கரை ஓரமாக ஒரு கல் நிற்கிறது. அதற்கு அரிச்சந்திரன் கல் என்று பெயர். பாடையை அங்கே ஒரு முறை இறக்கி வைத்து, மயானம் காத்த அந்த மன்னனிடம் விடைபெற்ற பிறகே மேலே செல்வார்கள். தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் இவ்வழக்கம் உண்டு. வாய்மைக்காக நாட்டையும், மனைவியையும், மகனையும் இழந்து, ஈற்றில் வெட்டியானாக நின்ற அரிச்சந்திரன் கதையைத் தெருக்கூத்திலே கண்டு கண்ணீர் விடாதவர் எங்கள் பாட்டிமார்களில் ஒருவரும் இலர்.

இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் எனப் போற்றப்படுவதும் இந்த அரிச்சந்திரன் கதையே என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1913ஆம் ஆண்டில் 'ராஜா ஹரிச்சந்திரா' என்னும் அம்மௌனப் படத்தை உருவாக்கியவர் தாதாசாகேப் பால்கே. அவருக்குப் பின்னே செல்வந்தர் கூட்டம் இல்லை. படப்பிடிப்பு நிலையம் இல்லை. நடிக்க வருவார் இல்லை. கையில் பணமும் இல்லை. இல்லை என்ற சொல்லையே முதலாகப் போட்டுத் தொழில் தொடங்கியவர் அவர்.

அவர் வரலாற்றை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை இறுதியில் சொல்கிறேன். அது என் குற்றத்தைப் பற்றியது ஆகையால், முதலில் சொல்ல மனம் வரவில்லை.

இளமையும் இடர்களும்

கோதாவரி ஆறு தோன்றும் இடம் மராட்டிய மாநிலத்திலுள்ள திரியம்பகம். ஆற்றின் கடைமடையில் பிறந்தவர்கள் நாம். ஆற்றின் தலையிலே பிறந்தவர் பால்கே. 1870ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் பிறந்த அவருக்குத் துண்டிராஜ் கோவிந்த் பால்கே என்பது முழுப்பெயர். தந்தையார் வடமொழிப் புலவர். அவருக்குப் பம்பாயில் ஆசிரியப் பணி கிடைக்கவே, குடும்பமும் அங்கே குடிபெயர்ந்தது.

மகனுக்கோ ஏட்டுக் கல்வியைவிடத் தூரிகை இனித்தது. 1885இல் பம்பாய் ஜே. ஜே. கலைப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு பரோடாவில் உள்ள கலாபவனத்தில் ஓவியம், சிற்ப வார்ப்பு, கட்டடக் கலை, ஒளிப்படக் கலை எனப் பலவும் பயின்றார். ஒன்றைக் கற்று முடிக்குமுன் மற்றொன்றின் மேல் ஆசை போகும் இயல்பினர். உறவினர் இதனைப் பிழைக்கத் தெரியாத குணம் என்றே கருதியிருப்பர். ஆனால் ஓவியம், ஒளிப்படம், வேதியியல், அச்சு, ஒப்பனை ஆகிய அனைத்தும் ஒருவரிடத்தே கூடாமல் திரைப்படம் என்ற ஒன்று அந்நாளில் தோன்றியிருக்க இயலாது. அவர் வீணாகக் கற்றது என எதுவும் இல்லை.

கோத்ரா என்னும் ஊரில் ஒளிப்பட நிலையம் வைத்தார். படம் எடுத்துக்கொண்டால் ஆயுள் குறையும் என்று அஞ்சிய காலம் அது. அங்கே பெரிய இடி ஒன்று விழுந்தது. கொள்ளை நோயான பிளேக்கில் மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்தார். ஊரை விட்டு வெளியேறிய அவர் மாயவித்தை கற்றுக்கொண்டு, தம் பெயரைத் தலைகீழாக்கிப் பேராசிரியர் கேல்பா என்ற பெயரில் மேடையேறினார். பின்னாளில் திரையில் கடவுளர் தோன்றுவதும் மறைவதுமாகிய காட்சிகளை அமைத்தபோது இந்த வித்தையும் அவருக்குக் கைகொடுத்தது.

1902ஆம் ஆண்டில் மறுமணம் செய்துகொண்டார். அவ்வம்மையாரின் பெயர் சரஸ்வதிபாய். இப்பெயரை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். பால்கேயின் வரலாற்றை எழுதுவோர் பலரும் இவ்விடத்தில் ஒரு வரியுடன் கடந்து விடுகின்றனர். நானும் முதலில் அப்படித்தான் கடந்தேன்.

அடுத்துத் தொல்லியல் துறையில் வரைவாளராகவும் ஒளிப்படக்காரராகவும் வேலை. சுதேசி இயக்கம் நாடெங்கும் எழுந்த காலத்தில் அந்த அரசுப் பணியை உதறிவிட்டு, அச்சுத் தொழிலில் இறங்கினார். ரவிவர்மாவின் ஓவியங்களை அச்சுக்கு ஆயத்தம் செய்தார். 1909இல் ஜெர்மனி சென்று வண்ண அச்சு நுட்பம் அறிந்து வந்தார். தொழில் வளர்ந்தது, கூட்டாளியோடு மனவேறுபாடும் வளர்ந்தது. தாம் வளர்த்த அச்சகத்திலிருந்து வெறுங்கையுடன் வெளியேறினார். அப்போது அவருக்கு வயது நாற்பது.

கூடாரத்தில் பிறந்த ஆசை

வேலையும் இன்றி, அடுத்து என்ன செய்வது என்றும் தெரியாதிருந்த அந்நாளில், 1911ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பம்பாய் கிர்காமில் கூடாரக் கொட்டகை ஒன்றில் படம் பார்க்கச் சென்றார். மகன் பாலச்சந்திரனும் உடன் சென்றான். வீடு திரும்பி, திரையில் விலங்குகள் ஓடியதைச் சொன்னபோது சரஸ்வதிபாய் நம்பவில்லை. மறுநாள் குடும்பத்துடன் சென்றனர். ஈஸ்டர் காலமாதலால் அன்று இயேசுநாதரின் வாழ்க்கைப் படம் ஓடிற்று. மற்றவர்கள் இயேசுவைக் கண்டனர். பால்கேயோ அத்திரையில் கண்ணனையும் இராமனையும் கண்டார். மேல்நாட்டார் தம் கடவுளரைத் திரையில் நடமாட விடும்போது நாம் ஏன் நம்முடையவரை நடமாட விடக்கூடாது என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது.

அதன்பின் உறக்கம் ஏது? நாள்தோறும் படம் பார்த்தார். கிடைத்த நூல்களைப் படித்தார். சிறு கருவிகளை வாங்கிப் பிரித்துப் பிரித்து ஆராய்ந்தார். ஓய்வின்றி உழைத்ததால் கண்பார்வை மங்கிப் போயிற்று. நல்ல வேளையாக மருத்துவத்தினால் ஒளி மீண்டது. பார்வை மீண்டதும் முதற்காரியமாக மீண்டும் படம் பார்க்கத்தான் போயிருப்பார் என நினைக்கிறேன்!

கருவி வாங்க இலண்டன் செல்ல வேண்டும். ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை அடகு வைத்தார். 1912 பிப்ரவரியில் கப்பல் ஏறினார். அங்கே தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பயாஸ்கோப் என்ற திரைப்பட வார இதழின் பெயர்ப் பலகையைக் கண்டு உள்ளே நுழைந்து, அதன் ஆசிரியர் கேபர்னைச் சந்தித்தார். இந்தியாவின் வெப்பத்திற்கு இத்தொழில் ஒத்து வராது, பணத்தை இழக்க வேண்டாம் என்று முதலில் தடுத்தவர் அவர்தாம். வந்தவரின் உறுதியைக் கண்டபின் செசில் ஹெப்வொர்த் என்னும் புகழ்பெற்ற படத் தயாரிப்பாளரிடம் அறிமுகம் செய்து வைத்தவரும் அவரே. ஹெப்வொர்த்தின் நிலையத்தில் தொழில் நுணுக்கங்களைக் கண்ணாரக் கண்டார் பால்கே. ஐம்பது பவுனுக்கு வில்லியம்சன் படக்கருவி ஒன்றை வாங்கினார். பிலிமுக்கும் துளையிடும் இயந்திரத்துக்கும் சொல்லி வைத்துவிட்டு, ஏப்ரல் முதல் நாள் பம்பாய் வந்து சேர்ந்தார்.

பட்டாணிச் செடி

கருவி வந்தது, முதல் தீர்ந்தது. படம் எடுக்கப் பணம் வேண்டும். பணம் கொடுப்பவர்களோ படத்தைக் காட்டு என்பார்கள். பணமில்லாத கலைஞர் அனைவரும் மோதிக்கொள்ளும் சுவர் இதுதான். பால்கே இச்சுவரை ஒரு பட்டாணி விதையைக் கொண்டு உடைத்தார்.

தொட்டியில் பட்டாணியை ஊன்றினார். கருவியை அதன் முன் அசையாமல் நிறுத்தினார். நாள்தோறும் சிறிது சிறிதாக, ஒரு மாதத்திற்கு மேல் அதனைப் படம் பிடித்தார். அவற்றைச் சேர்த்து ஓட்டியபோது, விதை வெடித்து, முளை எழுந்து, இலை விரித்து, கொடியாக நிமிர்ந்தது. ஒரு மாத வளர்ச்சி இமைப்பொழுதில் நிகழ்ந்தது. அரண்மனை இல்லை, நடிகர் இல்லை, உடை இல்லை. செலவு ஒரு விதை, முதல் பொறுமை.

நாற்றங்காலில் விதை தெளித்துவிட்டு விடியற்காலையில் சென்று பச்சை தெரிகிறதா என்று குனிந்து பார்க்கும் நம் ஊர் உழவனுக்கு இப்படத்தின் அருமை விளங்கும். பம்பாய் வணிகருக்கும் விளங்கிற்று. ஒளிப்படப் பொருள் வணிகராகிய நாட்கர்ணி முதலானோர் அதனைக் கண்டு கடன் தர முன்வந்தனர். அது போதாத இடத்தில் சரஸ்வதிபாயின் நகைகள் அடகுக்குச் சென்றன.

சந்திரமதி கிடைக்கவில்லை

நம் கூத்தில் சந்திரமதி என வழங்கும் அரிச்சந்திரன் தேவியை வடநாட்டார் தாராமதி என்பர். லோகிதாசன் அங்கே ரோகிதாசன். அரிச்சந்திரனாக நடிக்கத் தாப்கே என்ற நாடக நடிகர் கிடைத்தார். ரோகிதாசனாகப் பால்கேயின் மகன் பாலச்சந்திரனே நடித்தான். தாராமதிக்குத்தான் ஆள் இல்லை. செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். குடும்பப் பெண்கள் வரமாட்டார்கள் என்பது அறிந்ததே. குலமகளிர் அல்லாதார் எனச் சமூகம் ஒதுக்கிய பெண்களிடமும் சென்று கேட்டார். அவர்களும் படக்கருவி முன் நிற்பது இழிவு என மறுத்தனர். படம் நடிப்பவர் என்றால் அன்று அவ்வளவு மதிப்பு!

முடிவில் கிராண்ட் சாலையில் ஓர் உணவு விடுதிக்குள் தேநீர் அருந்தப் போனவர், அங்கே வேலை செய்த சாளுங்கே என்னும் இளைஞரின் மெல்லிய கைகளையும் முகச்சாயலையும் கண்டார். விடுதியில் மாதச் சம்பளம் பத்து ரூபாய். பால்கே பதினைந்து தருவதாகச் சொன்னார். தாராமதி கிடைத்தாள். மற்றப் பெண் வேடங்களையும் ஆண்களே தாங்கினர். அவர்களிற் சிலர், தந்தை உயிரோடிருக்க மீசை எடுப்பது ஆகாது என அடம் பிடித்தனர். மீசையுள்ள தோழியர் அரசியின் அருகில் நின்றால் என்னாகும்? அத்தனை பேரையும் அவர் கெஞ்சிக் கொஞ்சி இணங்க வைத்தார். எங்கே வேலை செய்கிறீர்கள் என்று யாரேனும் கேட்டால், ஹரிச்சந்திரா என்பவருடைய தொழிற்சாலையில் என்று சொல்லிவிடுமாறு சொல்லியும் கொடுத்தார்.

வாங்கணி என்ற ஊருக்கு வெளிப்புறக் காட்சிக்காகச் சென்றபோது, வாளும் வேலுமாக வந்திறங்கியவர்களைக் கண்டு கொள்ளைக் கூட்டம் என அஞ்சிய ஊரார் காவலரிடம் முறையிட்டனராம். கருவியைக் காட்டி விளக்கிய பிறகே விடுதலை!

சிரிக்கத்தக்க நிகழ்ச்சிகள் மட்டும் அல்ல. நெஞ்சை நெருடும் ஒன்றும் உண்டு. படப்பிடிப்பின்போது பாலச்சந்திரன் பாறையில் விழுந்து தலையில் அடிபட்டு மயங்கினான். உடனிருந்தோர் வீடு திரும்பலாம் என்றனர். ரோகிதாசன் இறந்து கிடக்கும் காட்சி இன்னும் எடுக்கப்படவில்லை. மயங்கிக் கிடந்த மகனையே வைத்து அக்காட்சியைப் பால்கே எடுத்து முடித்தார் என அவர் வரலாறு கூறுகிறது. மீண்டும் ஒரு நாள் வந்து எடுக்கப் பணம் இல்லை என்பது காரணமாக இருக்கலாம். ஆயினும் ஒரு தந்தை அவ்வாறு செய்யலாமா? இதனை நான் எங்கள் அம்மாவிடம் சொன்னபோது, அரிச்சந்திரனும் அப்படிப்பட்ட தகப்பன்தானே என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையின் தாய் அப்போது எங்கே இருந்தாள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் என்னைச் சரஸ்வதிபாயிடம் திரும்பக் கொண்டு சென்றது.

இருட்டில் இட்ட துளைகள்

எங்கே இருந்தார் அவ்வம்மையார்? சமையற்கட்டில் இருந்தார், தாதர் பகுதியில் இருந்த அவர்களது வீடே படப்பிடிப்பு நிலையமாயிற்று. நடிகரும் தொழிலாளருமாக அறுபது எழுபது பேருக்கு உலை வைத்தவர் அவர். பகலில் வெயிலின் ஒளியை நடிகர் முகத்திற்குத் திருப்ப வெள்ளைத் துணியை மணிக்கணக்கில் ஏந்தி நின்றார். படச்சுருளைக் கழுவும் மருந்துகளைக் கலக்கக் கற்றுக்கொண்டார். அனைவரும் உறங்கிய பின் இன்னொரு வேலை அவருக்கு இருந்தது.

அந்நாளில் வெளிநாட்டிலிருந்து வந்த பிலிம் துளையின்றி வந்தது. ஓரங்களில் துளை இருந்தால்தான் கருவியின் பற்கள் பற்றி இழுக்கும். வெளிச்சம் பட்டால் பிலிம் கெட்டுப்போகும். எனவே அத்துளைகளை இருட்டிலேயே இடவேண்டும். கையால் இயக்கும் பொறியில், கண் காணாத இருட்டறையில், விரலின் உணர்ச்சி ஒன்றையே துணையாகக் கொண்டு சரஸ்வதிபாய் இரவில் அவ்வேலையைச் செய்தார்.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பத்தைந்து மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்குப் பதினாறு படங்கள். ஒரு படத்திற்குப் பக்கத்திற்கு நான்காக எட்டுத் துளைகள். 'ராஜா ஹரிச்சந்திரா' முடிந்தபோது அதன் நீளம் 3,700 அடி. அப்படியானால் திரையில் ஓடிய நீளத்திற்கு மட்டும் துளைகள் 4,73,600. வெட்டி எறிந்த பகுதிகள் இக்கணக்கில் சேரவில்லை. பொறிதான் துளைத்தது என்றாலும் பொறியை இயக்கியது ஒரு குடும்பத் தலைவியின் கை. அதே கை விடிந்ததும் அறுபது பேருக்கு அரிசி களைந்தது.

ஆறு மாதமும் இருபத்தேழு நாளும் உழைத்துப் படம் நிறைவெய்தியது. 1913 ஏப்ரல் 21ஆம் நாள் ஒலிம்பியா அரங்கில் அழைக்கப்பட்டவர்களுக்குக் காட்டப்பட்டது. மே 3ஆம் நாள் கிர்காமில் உள்ள காரனேஷன் அரங்கில் பொதுமக்களுக்குத் திரையிடப்பட்டது.

வெற்றியும் வீழ்ச்சியும்

படம் முடிந்தால் போதுமா? மக்கள் வரவேண்டும். இரவு முழுவதும் நாடகம் பார்த்துப் பழகியவர்கள், சிறிது நேரத்தில் முடியும் காட்சிக்குக் காசு கொடுக்கத் தயங்கினர். சூரத் நகரில் முதற்காட்சியின் வசூல் மூன்று ரூபாய்தான். பால்கே சோர்ந்துவிடவில்லை. மூன்றே அணாவில் 57,000 ஒளிப்படங்களைக் காணலாம், படத்தின் நீளம் இரண்டு மைல் என்று விளம்பரம் செய்தார். ஒளிப்படக் கணக்கு ஏறக்குறையச் சரி. இரண்டு மைல் என்றது மிகை! 3,700 அடி முக்கால் மைலுக்கும் குறைவு. வாய்மை மன்னனின் படத்திற்கு அவ்வளவு பொய் வேண்டியிருந்தது போலும். கூட்டம் அலை மோதியது.

தொடர்ந்து 'மோகினி பஸ்மாசுர்' எடுத்தார். அதில் துர்காபாய் காமத் என்ற அம்மையாரும் அவர் மகள் கமலாபாயும் நடித்தனர். ஓராண்டுக்கு முன் ஒரு தாராமதி கிடைக்காத நாட்டில், தாயும் மகளும் திரைக்கு வந்துவிட்டனர். 1914இல் மூன்று படங்களுடன் மீண்டும் இலண்டன் சென்றபோது, அங்கேயே தங்கிப் படம் எடுக்க அவரை அழைத்தனர். நல்ல ஊதியம் கிடைத்திருக்கும். தம் நாட்டில் தாம் தொடங்கியது அழிந்துவிடும் என்று கருதி மறுத்துத் திரும்பினார். திரும்பிய வேளையில் முதல் உலகப் போர் மூண்டது. கடன் கொடுத்தோர் கை மடக்கினர். மீண்டும் வறுமை, மீண்டும் நகை, மீண்டும் கடன்.

1917இல் 'லங்கா தகன்' வெளிவந்தது. சாளுங்கே இராமனாகவும் சீதையாகவும் இரு வேடம் பூண்டார். மக்கள் திரண்டனர். அந்த வெற்றியைக் கண்டு பணக்காரக் கூட்டாளிகள் வந்தனர். 1918இல் இந்துஸ்தான் பிலிம்ஸ் கம்பெனி தோன்றியது. 1919இல் வந்த 'காளிய மர்தன்' படத்தில் அவருடைய சிறுமகள் மந்தாகினி கண்ணனாக நடித்தாள். ஆனால் வியப்பு இதுதான்: பணமில்லாதபோது படம் எடுக்கத் தெரிந்த மனிதருக்குப் பணக்காரருடன் சேர்ந்து படம் எடுக்கத் தெரியவில்லை. கணக்குக் கேட்டவர்களுக்கும் கலை கேட்டவருக்கும் ஒத்துப் போகவில்லை. மனம் உடைந்து காசிக்குச் சென்று நாடகம் எழுதினார். பின்னர் மீண்டும் திரும்பி வந்து உழைத்தார்.

1931இல் திரை பேசத் தொடங்கியது. 'ஆலம் ஆரா' வந்தது. அதே ஆண்டில் தமிழில் 'காளிதாஸ்' வந்தது. மௌனத்தில் வளர்ந்த பால்கே, 1937இல் 'கங்காவதரண்' என்ற ஒரே ஒரு பேசும் படத்தை எடுத்ததோடு ஓய்ந்தார். தொண்ணூறுக்கு மேற்பட்ட படங்களைத் தந்த அவர், 1944 பிப்ரவரி 16ஆம் நாள் நாசிக்கில் மறைந்தார். பெருஞ்செல்வம் ஏதும் அவர் சேர்த்து வைக்கவில்லை.

அவர் ஏற்றிய விளக்கு தெற்கேயும் சுடர்விட்டது. அவர் படங்களைக் கண்டு ஊக்கம் பெற்ற நடராஜ முதலியார் என்னும் வணிகர், சில ஆண்டுகளுக்குள் சென்னையில் 'கீசக வதம்' என்ற மௌனப் படத்தை எடுத்துத் தென்னகத் திரைக்கு அடிகோலினார். 1969இல் மைய அரசு பால்கேயின் பெயரால் விருதொன்றை நிறுவியது. நம் சிவாஜி கணேசன் 1996ஆம் ஆண்டிற்கும், நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் பிறந்த பாலச்சந்தர் 2010ஆம் ஆண்டிற்கும் அவ்விருதைப் பெற்றனர். நன்னிலம் நமக்குப் பக்கத்து ஊரன்றோ! சரஸ்வதிபாயின் பங்கையும் சேர்த்துச் சொல்லும் 'ஹரிச்சந்திராச்சி பேக்டரி' என்ற மராத்திப் படம் 2009இல் வந்தது. அதற்கே ஒரு நூற்றாண்டு ஆக வேண்டியிருந்தது.

என் கதை

இனி நான் சொல்லக் கடமைப்பட்டதைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு புரட்டாசி மாதம், நானும் மூன்று நண்பர்களும் நடவு நடும் பெண் ஒருத்தியைப் பற்றிக் குறும்படம் எடுக்கத் துணிந்தோம். அம்மாவின் தோட்டைக் கேட்டேன். தை அறுவடைக்குப் பின் அப்பா மீட்டுத் தந்த தோடு அது. அம்மா மறுபேச்சின்றிக் கழற்றிக் கொடுத்துவிட்டு, காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டார்கள். அப்பணத்தில் இரண்டு நாள் வாடகைக்குப் படக்கருவி எடுத்தோம். முதல் நாள், நடவு அறியாத ஒருவரைச் சேற்றில் இறக்கி நாற்றைக் கையில் கொடுத்து எடுத்தோம். இரண்டாம் நாள் ஐப்பசி மழையைப் போலப் புரட்டாசியிலேயே மழை கொட்டிற்று. வாடகை போயிற்று. நடித்தவர் வேலை தேடித் திருப்பூர் போய்விட்டார். படம் பாதியில் நின்றது.

எடுத்ததை ஒரு நாள் கைப்பேசியில் அம்மாவுக்குக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். நட்டுக்கொண்டே முன்னால் போகிறாளே, நட்ட நாற்றை மிதிக்கமாட்டாளா என்றார்கள். நடவில் பின்னோக்கித்தான் நடக்க வேண்டும் என்பது நடவு வீட்டுப் பிள்ளையாகிய எனக்கு மறந்துபோயிற்று. எனக்கு முகம் சுண்டிவிட்டது. பணம் இல்லாததால் படம் கெட்டது என்று அதுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த மனவருத்தத்தில் இருந்தபோதுதான், பணமின்றிப் படமெடுத்தவர் யார் என்று தேடிப் பால்கேயை அடைந்தேன். முதற்படிப்பில் எனக்குத் தெரிந்தது அடகு வைத்த நகை மட்டுமே. பார், அவரும் மனைவியின் நகையை வைத்தார் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். அம்மாவின் கேள்விக்குப் பிறகே, அந்த நகைக்கு உரியவரின் கையையும் கண்டேன். பால்கே மனைவியின் நகையை மட்டும் வாங்கவில்லை. இத்தொழிலை அவருக்குக் கற்பித்தார், இருட்டறையின் பாதியை அவரிடம் ஒப்படைத்தார். நானோ அம்மாவின் தோட்டை வாங்கினேன். அம்மாவுக்குத் தெரிந்ததைக் கேட்கவில்லை. சதுர மீட்டருக்கு ஐம்பது குத்து என்று கொண்டால் ஒரு மா நிலத்தில் ஏறத்தாழ அறுபத்தேழாயிரம் குத்து. இருபத்தைந்து ஆண்டுகளாக நட்டு வரும் அந்தக் கை வீட்டில் இருக்க, வாடகைக் கருவியைத் தேடி அலைந்தேன்.

பால்கேயைத் தந்தை என்று கூறும் நாடு, அத்துளைகளை இட்ட கைக்கு ஒரு பெயர் வைக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்ல எனக்கும் தகுதி இல்லை. என் படத்தின் தொடக்கத்தில் போட்ட பெயர்களில் அம்மாவின் பெயர் இல்லை.

இந்த ஆண்டுத் தாளடி நடவின்போது அப்படத்தை மறுபடி தொடங்கினேன். கருவி, நண்பனின் கைப்பேசி. நடித்தவர்கள் அம்மாவும், அத்தையும், உடன் நடும் மற்றவர்களும். நடிப்பு என்று ஒன்றும் இல்லை. அவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். மேகமூட்டமாக இருந்த மாலையில் முகம் தெரியவில்லை என்றபோது, சித்தி வீட்டுக்குப் போய் வெள்ளை வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து விரித்துப் பிடித்தார்கள். சரஸ்வதிபாயைப் பற்றி நான் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

படம் ஒன்பது நிமிடம் வந்திருக்கிறது. நன்றாக இருக்கிறதா என்பதை நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். யாரும் முன்னோக்கி நடக்கவில்லை என்று மட்டும் உறுதி கூறுவேன். முதற்பெயராக அம்மாவின் பெயர் வருகிறது. தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. தை அறுவடையில் மீட்டுவிடலாம் என்று அப்பா சொல்கிறார்.

நண்பர்களே, கலை செய்யப் பணம் வேண்டியதுதான். வேண்டியதில்லை என்று சொல்பவர் கடன் வாங்கி அறியாதவர். ஆனால் பணம் தேடிப் புறப்படுமுன், நம் வீட்டில் நமக்காக இருட்டில் உழைத்துக்கொண்டிருக்கும் கை எது என்று ஒரு முறை திரும்பிப் பார்ப்போம். பால்கே என்னும் பெருமகனின் வாழ்விலிருந்து நான் கற்ற பாடம் இது.